வெள்ளம் வடிந்ததும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்: சிற்றூரின் ஏடு, படம், பதிவேடுகளைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல ஊர்களில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை அது. தாமிரபரணி கரையைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம், ஏரல் எனக் கீழூர்களுக்குள் எல்லாம் புகுந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். டிவியில் வராத ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவுக்குக் குவியல். ஊறிய மெத்தை, உப்பிப்போன பிளைவுட் பீரோ, அரிசி மூட்டை. அதற்குள்ளேயே கல்யாண ஆல்பம், பள்ளிக்கூட ஆண்டு மலர், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கட்டு. குப்பை டிராக்டர் வந்தது, எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போனது. அந்த மஞ்சள் துணிக்குள் என்ன இருந்தது என்று நான் ஓடிப்போய்க் கேட்டேன். "தாத்தா காலத்துக் கதை நோட்டு, பூரா சேறாயிட்டு, இனி எதுக்கு?" என்றார் அந்த வீட்டு அக்கா. அவர் தாத்தா வில்லுப்பாட்டுப் புலவர். தண்ணீர் அந்த நோட்டை அழிக்கவில்லை, ஊற வைத்தது, அவ்வளவுதான். அதை அழித்தது வெள்ளத்துக்குப் பின் நாம் அவசர அவசரமாகச் செய்த துப்புரவு.

ஈரமானது வேறு, போனது வேறு. இந்த வேறுபாடு ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தாலே பாதிப் பொருள் பிழைத்துவிடும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. வெள்ளம் வராத நாளில் படித்துவைத்துக் கொள்ளுங்கள்.

முதலில், எது பொக்கிஷம்?

பெரிய நகரத்தின் செல்வம் அருங்காட்சியகத்தில் இருக்கும். அதற்குப் பட்டியல் உண்டு, பூட்டு உண்டு, காவலர் உண்டு. சிற்றூரின் செல்வம் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இருப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே போனாலும் தெரியாது. இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஊரைச் சுற்றி வாருங்கள். பெரியவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளை ஒருவர் என இருவராகப் போனால் கதவு சுலபமாகத் திறக்கும். எங்கெல்லாம் கேட்க வேண்டும் என்பதற்குச் சில இடங்களைச் சொல்கிறேன்: பழைய போட்டோ ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டிகள், பள்ளிக்கூடத்தின் பழைய சேர்க்கைப் பதிவேடு, சர்ச்சின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், பள்ளிவாசலில் இருக்கும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள், கோயில் கணக்கு நோட்டு, நாட்டு வைத்தியர் வீட்டு ஓலைச்சுவடி, வர்ம ஆசான் வீட்டுச் சுவடி, வில்லுப்பாட்டுக் குழுவின் கதை ஏடு, கிளை நூலகத்தில் அடுக்கின் கடைசியில் கிடக்கும் உள்ளூர் மலர்கள், பழைய ஜமீன் குடும்பத்துக் கடிதங்கள், கோயில் கொடை விழாவைப் பதிவு செய்த கேசட்டுகள்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதினால் போதும். என்ன பொருள், யாரிடம் இருக்கிறது, வீட்டில் எந்த அறையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இதைப் போல இன்னொன்று உலகத்தில் எங்காவது உண்டா. கடைசிக் கேள்விதான் முக்கியம். அச்சுப் புத்தகம் வேறு நூலகத்தில் கிடைக்கும். பதிவு செய்த நிலப் பத்திரம் நனைந்தால் மனசு பதறும், ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். ஸ்டுடியோக்காரரின் நெகட்டிவுக்கு நகல் கிடையாது. புலவர் கைப்பட எழுதிய கதை நோட்டுக்கும் கிடையாது. வெள்ளத்தன்று கையில் இரண்டு மணி நேரம்தான் இருந்தால் எதைத் தூக்குவது என்ற முடிவை அந்த நான்காவது வரி எடுத்துக் கொடுக்கும்.

பொருளை யாரிடமிருந்தும் வாங்கிச் சேர்க்க வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும். "எடுத்துட்டுப் போயிருவாங்களோ" என்ற பயம் வந்துவிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போன சுவடிகள் திரும்பாத கதை எல்லா ஊரிலும் இருக்கிறது.

இரண்டாவது, தண்ணீருக்கு மேலே ஏற்றுங்கள்

ஊருக்கு ஊர் வெள்ளக்குறி இருக்கும். தாமிரபரணிக் கரையில் 1992 வெள்ளம் எதுவரை வந்தது, 2023 வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரைக் காட்டிச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த உயரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, அதற்கு மேலே மூன்று நான்கு அடி விட்டுப் பொருளை வையுங்கள்.

டிரங்குப் பெட்டி பாதுகாப்பு என்று நினைக்கிறோம். தரையில் இருக்கும் டிரங்குப் பெட்டிதான் இருப்பதிலேயே மோசமான இடம். மூடி இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. வெள்ளம் வடிந்து ஒரு வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே சேற்றுக்குழம்பு. பீரோவின் கீழ்த்தட்டும் அப்படித்தான். ஊறினால் கதவு இறுகிக்கொண்டு திறக்காது.

முன்னோர்கள் சுவடிக்கட்டை அடுப்படிப் பரணில் வைத்தார்கள். புகையில் பூச்சி அண்டாது, வெள்ளமும் எட்டாது. இன்று அடுப்புப் புகை இல்லை, பரண் இருக்கிறது. கூரை ஒழுகாத பரணாகப் பார்த்து ஏற்றுங்கள். இரும்பு வளையத்தால் மூடி இறுக்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம் பழைய சாமான் கடையில் கிடைக்கும். நன்றாகக் கழுவி, வாடை போக உலர்த்தி, மழைக்காலத்துக்கு மட்டும் பொருளை அதற்குள் வைக்கலாம். ஆண்டு முழுவதும் மூடியே வைத்தால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். தை பிறந்ததும் திறந்து காற்றாட விடுங்கள்.

மூன்றாவது, ஊருக்கு வெளியே ஒரு நகல்

1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையம், தபால் நிலையம், சர்ச், பள்ளிக்கூடம் என்று வாழ்ந்த ஊர். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் மனிதர்களோடு கடலுக்குள் போனது. இன்று போனால் சர்ச்சின் சுவரும் நிலையத்தின் இடிபாடும் நிற்கின்றன. அந்த ஊர் வீடுகளில் தொங்கிய கல்யாணப் படங்களை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் இருந்த படம் ஊரோடு போயிருக்கும். சென்னைக்கோ கொழும்புக்கோ சொந்தக்காரருக்கு அனுப்பிய பிரதி இருந்தால் அது மட்டும் மிஞ்சியிருக்கும்.

நகல் எடுக்க ஸ்கேனர் கட்டாயம் இல்லை. நல்ல கைபேசி போதும். காலை ஒன்பது மணி வாக்கில் வீட்டுத் திண்ணையில், வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்து, பொருளை வைத்து, செங்குத்தாக மேலிருந்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பில் பாதி மறைந்துவிடும். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, "அன்புள்ள அத்தானுக்கு" என்ற வரி, இதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஓலைச்சுவடி என்றால் சாய்வாக ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழட்டும், எழுத்தாணிக் கீறல் எழுந்து தெரியும். ஒவ்வோர் ஏட்டுக்கும் இரு பக்கமும் எடுங்கள், வரிசை மாறக்கூடாது.

படம் எடுக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் "இது யாரு, இது யாரு" என்று கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் தெரியாத படம் பாதிப் படம்தான்.

அப்புறம், கோப்புகளை உள்ளூர் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும், இன்னொரு பிரதி இணையச் சேமிப்பில் இருக்கட்டும். தகுதியான நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுப்பது இன்னும் நல்லது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்து வைத்தவைதான் 1994இல் அந்த நூலகமாக மலர்ந்தன. சிற்றூர் வீட்டுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி நகலெடுத்திருக்கிறது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்கு 2005 முதல் நூலகம் நிறுவனம் இணையத்தில் இதே வேலையைச் செய்துவருகிறது. இவர்களில் யாரிடமும் மூலப்பொருளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நகலைப் பற்றிப் பேசலாம்.

ஐப்பசிக்கு முன்பு வாங்கி வைக்க வேண்டியவை

வெள்ளத்துக்கு மறுநாள் கடை திறந்திருக்காது. ஊருக்கு ஒரு மூட்டை போதும், மாடி வீடு ஒன்றில் வைத்துவிடுங்கள். ரப்பர் கையுறை, என் 95 முகக்கவசம், அகலமான பிளாஸ்டிக் தட்டுகள், பேக்கரியில் ரொட்டி அடுக்கும் டிரே, கொடிக்கயிறு, பிளாஸ்டிக் கிளிப், மென்மையான பெயின்ட் பிரஷ், பென்சில், பட்டர் பேப்பர், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், பாலிதீன் விரிப்பு, கஞ்சி போடாத வெள்ளைத் துணி, அச்சடிக்காத வெற்றுத்தாள். பழைய செய்தித்தாளைப் பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதன் மை நனைந்து ஒட்டும். அச்சகத்தில் உருளையின் மிச்சத்தாளைக் கேட்டால் எடைக்குப் போடும் விலைக்கே தருவார்கள். பேனா வேண்டாம், நனைந்தால் எழுத்து கலையும். பென்சில் கலையாது.

சிவப்பு எச்சரிக்கை வந்தால்

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அது அதிகனமழை. சிவப்பு எச்சரிக்கை என்றால் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் "வேறெங்கும் இல்லை" என்று குறித்தவற்றை மட்டும் தேர்ந்த மாடி வீட்டுக்கோ கல்யாண மண்டபத்தின் மேல்தளத்துக்கோ ஏற்றுங்கள். இதெல்லாம் தண்ணீர் தெருவுக்கு வரும் முன்பு. வந்த பின்பு ஓர் ஏட்டுக்காகவும் யாரும் இறங்கக்கூடாது. இதில் விவாதமே இல்லை.

தண்ணீர் வடிந்த முதல் நாள்

முதலில் மின்சாரம். மெயினை அணைத்திருப்பதை உறுதி செய்யாமல் வீட்டுக்குள் காலை வைக்காதீர்கள். பாம்பு அலமாரிக்குள் இருக்கும். மண்சுவர் ஊறி நிற்கும், நீங்கள் உள்ளே இருக்கும்போது சாயும். கையில் காயம் இருந்தால் சேற்றைத் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம்.

அடுத்தது குப்பை வண்டி. ஊராட்சியிடமும் தன்னார்வலர்களிடமும் முதல் நாளே பேசுங்கள்: தாள், படம், ஓலை, துணிக்கட்டு எதுவாக இருந்தாலும் குப்பைக்குவியலில் சேர்க்காமல் தனியாக ஒரு சாக்கில் போட்டு வாசலில் வைக்கட்டும், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் இன்னும் நல்லது. வெளியூரிலிருந்து உதவிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது தெரிய வழியில்லை. நல்ல மனசோடு வந்து வேகமாகச் சுத்தம் செய்வார்கள், அந்த வேகத்தில்தான் எல்லாம் போகும்.

கடிகாரத்தையும் மனதில் வையுங்கள். நனைந்த தாளில் 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு முன்பே தொடங்கலாம். ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடிப்பது நோக்கமல்ல. எதை இப்போது உலர்த்துவது, எதை உறைய வைத்து அப்புறம் பார்ப்பது என்று பிரிப்பதுதான் முதல் நாள் வேலை.

உறைபெட்டி: நம் கடற்கரையில் ஏற்கனவே இருக்கும் மருந்து

நனைந்த புத்தகத்தை ஃபிரீசரில் வைப்பதா என்று சிரிப்பார்கள். உலகமெங்கும் நூலகங்கள் இதைத்தான் செய்கின்றன. உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, மை மேலும் கலையாது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆறு மாதம் கழித்துக்கூட எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உலர்த்தலாம்.

தூத்துக்குடி முதல் நாகப்பட்டினம் வரை மீன் கம்பெனிகளில் பெரிய குளிர்பதனக் கிடங்குகள் உள்ளன. மைனஸ் 18 டிகிரியில் இறாலைக் காக்கும் அறை, ஊரின் பதிவேட்டையும் காக்கும். ஐஸ்கிரீம் மொத்த வியாபாரியிடமும் உறைபெட்டி உண்டு. வெள்ளம் வந்த ஊரில் மின்சாரம் இருக்காது என்பதால், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, வேறு ஆற்றுப்படுகையில் இருக்கும் ஒருவரிடம் மழைக்காலத்துக்கு முன்பே பேசி வையுங்கள். "அண்ணாச்சி, அவசரம்னா ரெண்டு அடுக்கு இடம் வேணும்" என்று முன்கூட்டிச் சொல்லி வைத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு புத்தகத்தையும் பட்டர் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, யாருடையது என்று பென்சிலில் எழுதிய சீட்டை உள்ளே போட்டு, முதுகு கீழே இருக்கும்படி ரொட்டி டிரேயில் அடுக்குங்கள். கண்ணாடி நெகட்டிவ், தஞ்சாவூர் ஓவியம், ஓலைச்சுவடி, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை உறைய வைக்கக்கூடாது.

தாளை உலர்த்துவது

வெயிலில் காய வைக்காதீர்கள். வற்றலா அது? வெயிலில் தாள் முறுகும், மை வெளிறும். இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். நிழல், காற்று, பொறுமை, இவை மூன்றும்தான் வேண்டும். மின்விசிறி சுற்றலாம், ஆனால் நேரே தாளின் மேல் வீசாமல் சுவரைப் பார்த்து இருக்கட்டும்.

சேறு படிந்த புத்தகத்தைத் திறக்காமல், இரு கையாலும் இறுக மூடிப் பிடித்தபடி சுத்தமான நீரில் மெல்ல அலசுங்கள். மைப்பேனாவால் எழுதிய நோட்டாக இருந்தால் அலசவே கூடாது, ஒற்றி மட்டும் எடுங்கள். சேறு காய்ந்த பின் பிரஷால் தட்டிவிடலாம். முழுக்க ஊறிய புத்தகத்தைப் படுக்க வைத்து, இருபது பக்கத்துக்கு ஒரு வெற்றுத்தாள் செருகி, அது நனைந்ததும் மாற்றுங்கள். ஓரளவு ஈரம் போனதும் நிமிர்த்தி, விசிறிபோல விரித்து நிறுத்தலாம்.

கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர் போன்றவை வழவழப்பான தாளில் அச்சானவை. இவற்றுக்கு அவகாசமே கிடையாது. காய்ந்துவிட்டால் மொத்தமும் ஒரே செங்கல்லாக ஒட்டிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் தாள் செருக வேண்டும், முடியாவிட்டால் நேரே உறைபெட்டிக்கு.

புகைப்படங்கள்

இந்தப் பகுதிக்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். வீடு போன துக்கத்தில் "எல்லாம் திரும்ப வாங்கிடலாம்" என்று தைரியமாகப் பேசிய ஆட்களே அப்பாவின் ஒரே படம் நனைந்ததைக் கண்டு உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பின், ஜப்பானின் மியாகி மாகாணத்தில் யமமொத்தோ என்ற சிற்றூரில் சேற்றிலிருந்து பொறுக்கி எடுத்த சுமார் ஏழரை லட்சம் குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, நகலெடுத்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் நிபுணர்கள் அல்ல, மாணவர்கள். ஆகவே நம்மாலும் முடியும்.

ஸ்டுடியோவில் கழுவிய படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் பூச்சு. அது தண்ணீரில் ஊறினால் பாகுபோல இளகும். அந்த நேரத்தில் விரல் பட்டால் முகமே வழிந்துவிடும். ஆகவே படத்தின் முகப்பை எப்போதும் தொடக்கூடாது, ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

ஒட்டிக்கொண்ட கட்டாக இருந்தால் காய விடாதீர்கள். குளிர்ந்த சுத்தமான நீர் நிறைந்த தட்டில் போட்டு, சேறு தானாக இறங்கும்வரை விட்டு, நீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிரியும் படம் தானாகப் பிரியும். பிரியாததை இழுக்காதீர்கள். வெள்ளத்தில் நனைந்த நேரத்தையும் சேர்த்து இரண்டு நாளுக்கு மேல் நீரில் இருக்கக்கூடாது, அதற்குள் முடியாதவற்றைப் பையில் இட்டு உறைய வையுங்கள்.

அலசிய படத்தை முகப்பு மேலே பார்க்கும்படி வெற்றுத்தாளில் பரப்புங்கள், அல்லது வெள்ளை ஓரத்தில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். நெகட்டிவ் சுருளையும் அப்படியே தொங்கவிடலாம். வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட படத்தை மட்டும் நீரில் விடாதீர்கள், சாயம் முழுவதும் போய்விடும்.

ஒட்டும் பிளாஸ்டிக் தாள் வைத்த ஆல்பம் 80களில் வீட்டுக்கு வீடு வந்தது. அதன் ஈரம் உள்ளே தங்கிப் படத்தைத் தின்னும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள், யார் பக்கத்தில் யார் என்ற வரிசையும் ஒரு வரலாறு. பிறகு பிளாஸ்டிக்கை மெல்ல உரித்துப் படங்களை விடுவியுங்கள்.

சுவரில் மாட்டிய சட்டமிட்ட படத்தைக் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்த்து, பின்பலகையைக் கழற்றுங்கள். கண்ணாடியோடு படம் ஒட்டியிருந்தால் பிடுங்கக்கூடாது. அப்படியே கண்ணாடி கீழே இருக்க உலரட்டும். கண்ணாடி வழியாகவே நகல் எடுத்துக்கொள்ளலாம்.

முன்பே சொன்ன மாதிரிப் பெயர் முக்கியம். மண்டபத்தில் படங்களைப் பரப்பியிருக்கும்போது ஊர்க்காரர்களை வரச் சொல்லுங்கள். அவரவர் படம் தேட வருவார்கள், அடுத்தவர் படத்தையும் அடையாளம் காட்டிவிட்டுப் போவார்கள்.

ஓலைச்சுவடி

நனைந்த சுவடியில் எழுத்து அழிந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். எழுத்து அழியவில்லை! ஓலையில் எழுத்தாணி கீறிய பள்ளம்தான் எழுத்து. விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் அதில் தடவியது கண்ணுக்குத் தெரிவதற்காக. வெள்ளத்தில் போவது அந்த மை மட்டும்தான். ஏடு உலர்ந்த பின் நிபுணர்கள் மறுபடி மையாட்டினால் எழுத்து எழுந்து வரும்.

கயிற்றை உருவும் முன் ஒரு படம் எடுங்கள். முடிந்தால் உருவவே வேண்டாம். உருவியே ஆக வேண்டுமானால் ஒவ்வோர் ஏட்டின் கீழும் எண் எழுதிய தாள்துண்டு வையுங்கள், ஏட்டின் மேல் எதுவும் எழுதாதீர்கள். சேறு இருந்தால் சுத்தமான நீரில் நனைத்த மென்துணியால், ஓலை நரம்பு ஓடும் திசையில் மட்டும் ஒற்றுங்கள். ஒட்டியிருக்கும் ஏடுகளைக் கத்தி வைத்துப் பிரிக்கக்கூடாது, அதை நிபுணருக்கு விட்டுவிடுங்கள்.

பிறகு ஏட்டுக்கு ஏடு வெற்றுத்தாள் வைத்து அடுக்கி, மேலே பலகை, அதன் மேல் இரண்டு செங்கல். தாளைத் தினமும் மாற்றுங்கள். எடை வைக்காவிட்டால் ஓலை சுருளும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். பூச்சி அண்டாமல் இருக்க லெமன்கிராஸ் எண்ணெய் தடவுவது நன்றாக உலர்ந்த பிறகு செய்யும் வேலை. ஈர ஓலையில் எண்ணெய் வேண்டாம்.

ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் ஒரு காலத்தில் நம்மிடம் இருந்தது. எத்தனை நூல்கள் அப்படிப் போயினவோ. எஞ்சியதை இன்னொரு முறை ஆற்றுக்குக் கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சையில் சரஸ்வதி மகால் நூலகத்தையோ கேளுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

செப்புப் பட்டயம் நனைந்தால் நல்ல நீரில் அலசி, துடைத்து, முழுக்க உலர்த்துங்கள். கடல்நீர் பட்டிருந்தால் பலமுறை நீர் மாற்றி அலசுங்கள், உப்பு தங்கினால் பச்சைப் பொடி பூத்து உலோகத்தைத் தின்னும். குத்துவிளக்கைப்போலப் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள், எழுத்து தேயும். கோயில் செப்புத் திருமேனிகளை நாமாக எதுவும் செய்யக்கூடாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உலோகச் சிலைகளைக் காப்பதற்கென்றே 1930 முதல் வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது, கோயில் நிர்வாகம் வழியாக அங்கே கேட்கலாம்.

தஞ்சாவூர் ஓவியத்தின் மாவுப்பூச்சும் பசையும் நீரில் கரையும். முகப்பு மேலே இருக்கப் படுக்க வைத்து, துடைக்காமல், மெல்ல உலர விடுங்கள். கண்ணாடி ஓவியத்தின் பின்பக்கம்தான் வண்ணம் இருக்கிறது, அங்கே துணியே படக்கூடாது.

கேசட்டை நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், ஓடவிட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். நனைந்த ஹார்ட் டிஸ்குக்கும் கைபேசிக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

பூஞ்சை பிடித்துவிட்டால்

முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் தாளுக்குள் இன்னும் இறங்கும். பையில் கட்டித் தனியே வைத்து, முதலில் நன்றாக உலர விட்டு, பொடியான பின் திறந்தவெளியில் பிரஷால் மெல்லத் தட்டுங்கள். டெட்டால், பிளீச்சிங் பவுடர், அந்துருண்டை எதுவும் ஏட்டுக்கும் தாளுக்கும் ஆகாது.

போனதையும் எழுதி வையுங்கள்

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் சில போகும். ஜப்பானில் ரிக்குசென்தகதா நகரில் அதே 2011 சுனாமி அருங்காட்சியகத்தை மூழ்கடித்தது, அங்கே வேலை பார்த்தவர்களையும் கொண்டுபோனது. வெளியிலிருந்து வந்தவர்கள் இடிபாட்டுக்குள்ளிருந்து நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களை மீட்டார்கள். உப்பையும் சேற்றையும் நீக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. மீட்டவற்றை இனம் காண, முன்பே எழுதி வைத்த பட்டியல் எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நோட்டின் கடைசிப் பகுதியை இழப்புக்கு ஒதுக்குங்கள். என்ன பொருள், யார் வீட்டில் இருந்தது, கடைசியாக யார் பார்த்தார், அதில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருப்பவர் யார். புலவர் நோட்டு போனால், அந்தக் கதையைப் பாடத் தெரிந்த பக்கத்து ஊர் அண்ணாவியை அந்த மாதமே தேடிப்போய்ப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கல்யாண ஆல்பம் போனால், அந்தக் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் வீடுகளில் இரண்டு மூன்று படங்களாவது இருக்கும், கேட்டு நகல் வாங்குங்கள். பள்ளிப் பதிவேடு போனால் பழைய மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ்களைச் சேர்த்தே சில ஆண்டுகளை நிரப்பிவிடலாம்.

ஒவ்வோர் இழப்பின் கீழும் நாலு வரி வெற்றிடம் விட்டு வையுங்கள். மஞ்சள் துணிக்கட்டைப் பற்றி நான் எழுதிய பக்கத்தில் அப்படித்தான் இடம் விட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து, அந்தத் தாத்தாவோடு பின்பாட்டுப் பாடிய ஒருவர் வீட்டில் அதே கதையின் பாதி, முப்பத்திரண்டு பக்கம், அவர் கையெழுத்தில் கிடைத்தது. அதை அந்த இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.